பம்பில் பால் கொஞ்சமா வருதா? பயப்பட வேண்டாம்



இந்த முறை எமது தாய் சேய் நலப் பாடத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது பால் எடுக்கும் பம்ப். "இது டவுன்காரங்க சாமான், நமக்கு எதுக்குங்க?" என்று சிலர் கேட்கலாம். முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போது கொழும்பில் வேலை செய்யும் தங்கச்சி வாங்கி அனுப்புகிறாள். வெளிநாட்டில் இருக்கும் அக்கா யாரிடமாவது கொடுத்து விடுகிறாள். டவுன் பாமசியிலும் கையால் அமுக்கும் பம்ப் விற்கிறார்கள். ஆனால் பம்ப் வீட்டுக்கு வந்தால் போதுமா? அதைப் பாவிக்கும் விதம் தெரியாவிட்டால் நன்மையை விடக் கவலைதான் கூடும். எங்கள் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லுகிறோம்.

ஒரு லயத்தில் நடந்தது

கொஞ்ச காலத்துக்கு முன் நாங்கள் மருத்துவிச்சி அம்மாவோடு வீடு பார்க்கப் போயிருந்தோம். ஒரு காம்பராவில் முதல் பிள்ளை பெற்ற தாய் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குப் பத்து வாரம். அடுத்த கிழமை அவள் மலைக்குப் போக வேண்டும். கையில் பம்ப், அதன் போத்தலில் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் பால். 20 மில்லி லீற்றர் கூட இராது.

"பாருங்க, பத்து நிமிஷமா அமுக்குறேன். இவ்வளவுதான் வருது. எனக்குப் பால் வத்திப் போச்சு" என்றாள்.

பலகையில் புதுப் பால்மா டின் ஒன்று இருந்தது. புருஷன் கடன் வாங்கி வாங்கி வந்திருக்கிறார். விலை அதிகம் என்பதால் டின்னில் எழுதியுள்ள அளவைப் போடாமல், குறைத்துப் போட்டுத் தண்ணியாகக் கரைத்து இரண்டு நாளாகக் கொடுத்திருக்கிறார்கள். "நாங்க எல்லாம் ஆறு புள்ள பெத்தோம். இந்த மிஷினை எல்லாம் கண்டோமா? மிஷின் வச்சதாலதான் பால் வத்துச்சு" என்று மாமியார் ஒரு பக்கம் ஏசிக்கொண்டிருந்தார்.

மருத்துவிச்சி அம்மா ஒன்றும் பேசாமல் பிள்ளையின் வளர்ச்சி அட்டையை வாங்கிப் பார்த்தார். கிளினிக்கில் நிறுத்த ஒவ்வொரு தடவையும் நிறை நன்றாக ஏறியிருந்தது. "பால்மா கொடுக்கத் தொடங்குறதுக்கு முன்ன ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போச்சு?" என்று கேட்டார். "ஏழெட்டுத் தடவை இருக்குங்க மிஸ்ஸி" என்றாள் அந்தப் பிள்ளை. "பால் வத்தின தாயோட புள்ளைக்கு இப்படி நிறை ஏறுமா? உனக்குப் பால் இருக்கு கண்ணு. பம்புக்கு அதை எடுக்கத் தெரியல. அவ்வளவுதான்" என்றார் அவர்.

எங்களுக்கும் அது ஒரு பாடம்தான். அதற்கு முன் எத்தனையோ தாய்மார் போத்தலைக் காட்டியபோது, "ஆமா, குறைவுதான்" என்று நாங்களும் தலையாட்டியிருக்கிறோம். அது பிழை என்று அன்றுதான் விளங்கியது.

முதலில் விளங்க வேண்டிய விஷயம்

பம்பில் வருவதை வைத்துத் தாயிடம் எவ்வளவு பால் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கக் கூடாது. பிள்ளையின் வாயும் நாக்கும் தாடையும் சேர்ந்து எடுப்பது போல எந்த மிஷினும் எடுக்காது. பிள்ளைக்கும் பால் கொடுத்துக்கொண்டு இடையில் பம்ப் பண்ணும் தாய்க்கு, இரண்டு மார்பிலும் சேர்த்து ஒரு தடவைக்கு 15 முதல் 60 மில்லி லீற்றர் வரை வருவது சாதாரணம். படத்தில் காட்டுவது போலப் போத்தல் நிறைய வேண்டும் என்று நினைத்தால் எந்தத் தாய்க்கும் மனம் உடையும்.

பால் எப்படி உண்டாகிறது? பிள்ளை சப்பும்போது தாயின் உடம்பில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று பாலைச் சுரக்க வைப்பது. மற்றது, சுரந்த பாலைக் காம்புப் பக்கம் இறக்கி விடுவது. சுரக்கும் வேலை, பால் எத்தனை தடவை வெளியே எடுக்கப்படுகிறதோ அதைப் பொறுத்தது. மார்பு நிறைந்து கிடந்தால் "போதும்" என்று உடம்பு சுரப்பதைக் குறைத்துவிடும். காலியானால் "இன்னும் வேண்டும்" என்று சுரக்கும். ஊற்றுத் தண்ணியை அள்ள அள்ள ஊறும் அல்லவா? அது போலத்தான்.

இறக்கி விடும் வேலை மனதைப் பொறுத்தது. பயம், வலி, கோபம், அவசரம் இருந்தால் பால் உள்ளே இருந்தும் இறங்காது. பக்கத்தில் சண்டை நடக்கும்போதும், "எவ்வளவு வந்திருக்கு?" என்று யாராவது எட்டிப் பார்க்கும்போதும் பால் நின்றுபோவது இதனால்தான்.

பம்ப் வைப்பதற்கு முன்

1. கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மலையில் கொழுந்து எடுத்து வந்த கை என்றால் நகக்கண்ணையும் தேய்த்துக் கழுவ வேண்டும். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து கையில் ஒட்டியிருக்கலாம்.

2. சாய்ந்து உட்காருங்கள். ஒரு கோப்பை தேத்தண்ணியோ சுடுதண்ணீரோ குடியுங்கள்.

3. சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் மார்பில் வையுங்கள். சூடு கையால் தாங்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

4. அக்குள் பக்கமிருந்து காம்புப் பக்கமாக விரல் நுனியால் வட்டம் வட்டமாக மெதுவாகத் தடவி விடுங்கள். மாமியாரோ அக்காவோ பக்கத்தில் இருந்தால், முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே பெருவிரலால் மேலிருந்து கீழாக அமுக்கித் தேய்த்து விடட்டும். இதற்குப் பால் இறங்குவதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

5. பிள்ளையைப் பாருங்கள். பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் அது போட்டிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசனைக்கே பால் இறங்கும்.

பம்ப் பண்ணும்போது

பம்பின் புனல் போன்ற வாய் அளவாக இருக்க வேண்டும். காம்பு அதன் குழாய்க்குள் தாராளமாகப் போய் வர வேண்டும். காம்பு ஓரத்தில் உரசினால் வாய் சின்னது. சுற்றியுள்ள கறுத்த வட்டமும் நிறைய உள்ளே இழுபட்டால் வாய் பெரியது. இரண்டிலும் பால் குறையும், காம்பு புண்ணாகும். சில பம்புகளுக்கு வேறு அளவு வாய்களும் விற்கிறார்கள். வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

பலமாக இழுத்தால் கூடுதலாகப் பால் வரும் என்று நினைப்பது பெரிய பிழை. வலி வந்தவுடன் பால் இறங்குவது நின்றுவிடும். பிள்ளை எப்படிக் குடிக்கிறது என்று பாருங்கள். முதலில் சின்னச் சின்னதாக வேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் ஆறுதலாக, ஆழமாக இழுத்து விழுங்கும். நீங்களும் அதே போல ஆரம்பத்தில் லேசாக, வேகமாக அமுக்குங்கள். பால் கீற்றாக வரத் தொடங்கியதும் மெதுவாக, நீளமாக அமுக்குங்கள்.

இனிச் சொல்வது மிகவும் முக்கியம். ஒரு கை பம்பைப் பிடித்திருக்க, மற்றக் கை மார்பை அமுக்கி விட வேண்டும். கட்டியாக, பாரமாக இருக்கும் இடங்களைத் தேடி மெதுவாக அமுக்குங்கள். பம்ப் பண்ணி முடிந்த பின் கையாலும் பீய்ச்சி எடுங்கள். கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பும் கூட. குறைமாதப் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் அமெரிக்காவில் செய்து 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், மின்சார பம்போடு கையையும் பாவிக்கச் சொல்லிக் கொடுத்த பின் பால் கிட்டத்தட்டப் பாதியளவு கூடியதாகக் கண்டார்கள். மிஷினோடு கையும் சேர்ந்தால்தான் பலன் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பால் நின்றுவிட்டது என்று உடனே எடுத்துவிட வேண்டாம். மேலும் இரண்டு நிமிடம் தொடருங்கள். பல தடவை திரும்பவும் இறங்கும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம் போதும். போத்தலைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். அதன் மேல் ஒரு துணியைச் சுற்றி மூடி விடுங்கள். கண் பார்க்காவிட்டால் மனம் ஆறும், மனம் ஆறினால் பால் இறங்கும்.

எத்தனை தடவை? எப்போது?

அரை மணி நேரம் ஒரே மூச்சில் இழுப்பதை விட, கொஞ்ச நேரமாகப் பல தடவை எடுப்பதே பாலைக் கூட்டும். பிள்ளை குடிப்பதும் பம்ப் பண்ணுவதும் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது மார்பு காலியாக வேண்டும். இராத்திரியில் கொடுப்பதை விட்டுவிடாதீர்கள். பாலைச் சுரக்க வைக்கும் சக்தி இராத்திரியில்தான் கூட.

அநேகம் பேருக்கு விடிகாலையில் பால் அதிகம். எழும்பியவுடன் பிள்ளைக்கு ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டே மறு பக்கத்தில் பம்பை வைத்துப் பாருங்கள். பிள்ளை சப்புவதால் இரண்டு பக்கமும் பால் இறங்கும். அதைப் பம்ப் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் ஒரு கையால் சிரமம்தான். தலையணை வைத்துப் பழகினால் சரியாகிவிடும்.

பால் இன்னும் கூட வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. ஒரு நாளைக்கு ஒரு தடவை, வீடு அமைதியாக இருக்கும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் பம்ப், 10 நிமிடம் ஓய்வு, மறுபடி 10 நிமிடம் பம்ப் என்று மாறி மாறிச் செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் வராதது போல இருக்கும். மனம் விடாமல் ஒரு கிழமை செய்தால் வித்தியாசம் தெரியும். வேலைக்குப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே பழகத் தொடங்குவது நல்லது. பெரட்டுக்குப் போகும் நாளன்று காலையில் முதன் முதலாகப் பம்பைத் தொட்டால் பதற்றம்தான் மிஞ்சும்.

பம்ப் இல்லாதவங்க

பம்ப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கை செலவில்லாத பம்ப். பெருவிரலைக் காம்புக்கு மேலே, மற்ற விரல்களைக் கீழே, கறுத்த வட்டத்தின் ஓரமாக வையுங்கள். நெஞ்சுப் பக்கமாக உள்ளே அமுக்கி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். அமுக்கு, விடு, அமுக்கு, விடு. தோலில் விரலை வழுக்க விட வேண்டாம், காம்பைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். விரல்களைச் சுற்றி மாற்றி எல்லாப் பக்கத்திலும் அமுக்குங்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மார்பை மாற்றிக்கொள்ளுங்கள். இருபது முப்பது நிமிடம் பிடிக்கும்.

ரப்பர் பந்து வைத்த பழைய மாதிரி பம்பை மட்டும் வாங்க வேண்டாம். பால் ரப்பருக்குள் போய்விடும், உள்ளே கழுவ முடியாது, கிருமி வளரும். அதை விடக் கையே மேல். அடுத்த வீட்டுப் பம்பை இரவல் வாங்குவதும் கூடாது.

சுத்தமும் பாதுகாப்பும்

பாவித்தவுடன் பம்பைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பால் படும் துண்டுகளைக் கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடமாவது போட்டு எடுத்து, சுத்தமான துணியில் காய விடுங்கள். எந்தத் துண்டை அவிக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள்.

எடுத்த பாலை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, நேரத்தை எழுதி ஒட்டுங்கள். குளிரான இடத்தில் 4 மணித்தியாலம் வைக்கலாம். மேட்டுநிலத் தோட்டங்களில் இது சுலபம். இரத்தினபுரி, கேகாலை போன்ற சூடான பக்கங்களில் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரமாகக் கொடுத்துவிடுவது நல்லது. பிரிஜ்ஜின் உள்பக்கத்தில் 4 நாள் வரை இருக்கும். கதவுத் தட்டில் வைக்க வேண்டாம்.

வைத்த பாலில் ஆடை மேலே பிரிந்து நிற்கும். கெட்டுப்போச்சு என்று ஊற்றிவிடாதீர்கள். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்சவும் வேண்டாம். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். சூப்பிப் போத்தலை விடச் சின்னக் கோப்பையால் கொடுப்பது நல்லது. கோப்பையைக் கழுவுவது சுகம். பிள்ளையும் மார்பை மறக்காது. குடித்து மீந்த பாலை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

வேலை நேரமும் சட்டமும்

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. முன்பு இரண்டு பிள்ளைக்கு மேல் என்றால் லீவு குறைவு. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம், அதாவது 84 நாள் உண்டு.

அதே சட்டத்தில் பால் கொடுக்கும் இடைவேளையும் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, 9 மணித்தியால வேலைக்குள் இரண்டு தடவை தாய்க்கு நேரம் கொடுக்க வேண்டும். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் 30 நிமிடத்துக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். கங்காணி ஐயாமார், கணக்கப்பிள்ளைமார் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். தாய்மாரே, "நிறுவை குறைஞ்சிடும்" என்று இந்த நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளை மடுவத்துக்குப் போய் நேரடியாகக் கொடுங்கள். மலை தூரம், போக முடியவில்லை என்றால் ஒதுக்கமான இடத்தில் கையாலாவது பீய்ச்சி விடுங்கள். அந்தப் பாலை வைக்க வசதியில்லாமல் கீழே ஊற்ற நேர்ந்தாலும் நஷ்டமில்லை. சுரப்பு குறையாமல் இருக்கும், மார்பும் கட்டாது.

சாப்பாடும் வீட்டாரும்

முருங்கைக்கீரை, பூண்டுக் குழம்பு எல்லாம் நல்ல சாப்பாடுதான், சாப்பிடுங்கள். ஆனால் பாலை எடுக்காமல் அவற்றை மட்டும் சாப்பிட்டால் பால் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். கிளினிக்கில் தாய்க்கென்று தரும் திரிபோஷா தாய்க்குத்தான். வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டுவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? பால் கூட்டும் மாத்திரை என்று யாராவது சொன்னால் வைத்தியரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. அடுப்பு மூட்டி, தண்ணீர் கொண்டு வந்து, பம்பைக் கழுவி அவித்து வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் வீட்டில் தாய்க்குப் பால் இறங்காது.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

பிள்ளை 24 மணித்தியாலத்தில் ஆறு தடவைக்கும் குறைவாக மூத்திரம் போனால், நிறை ஏறாவிட்டால், எழுப்பியும் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், உடனே மருத்துவிச்சி அம்மாவிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். தாய்க்கு மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சல் வந்தாலும் தாமதிக்கக் கூடாது. அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். வைத்தியர் ஏதாவது காரணத்துக்காகப் பால்மா கொடுக்கச் சொன்னால், டின்னில் உள்ள அளவுப்படி கரையுங்கள். மிச்சம் பிடிக்கத் தண்ணி சேர்த்தால் பிள்ளை மெலிந்துபோகும்.

அந்தத் தாய்க்கு என்ன ஆச்சு?

மருத்துவிச்சி அம்மா மூன்று தடவை போய்ச் சொல்லிக் கொடுத்தார். முதல் மூன்று நாள் அதே அடிமட்டம்தான். அவள் மறுபடியும் அழுதாள். நான்காம் நாள், இவ்வளவு நாள் ஏசிய மாமியாரே முதுகு தேய்த்து விட உட்கார்ந்தார். மெல்ல மெல்லக் கூடியது. மூன்றாம் கிழமையில் விடியற்காலையில் மட்டும் 60 மில்லி லீற்றர் எடுத்தாள். அதைக் கோப்பையோடு பிள்ளை மடுவத்தில் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். இடைவேளைக்கு வந்து நேரடியாகக் கொடுத்தாள். பால்மா டின்னைத் திரும்பத் திறக்கவில்லை. பிள்ளைக்கு ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான். அதன் பிறகு சாப்பாடும் பாலும் சேர்ந்து போகிறது. அட்டையில் நிறைக்கோடு நேராக ஏறிக்கொண்டிருக்கிறது.

"மிஷின் வேணாம்னு சொன்னேன். ஆனா மிஷின் மேல பிழை இல்லீங்க, நாங்கதான் அந்தப் புள்ளையைப் பயமுறுத்திட்டோம்" என்று மாமியார் எங்களிடம் சொன்னார். அதை விட நன்றாக எங்களால் சொல்ல முடியாது.

வீட்டில் சேர்ந்து பேசிப் பாருங்கள்

1. பம்பில் வரும் அளவை வைத்துப் பால் குறைவு என்று ஏன் சொல்லக் கூடாது?
2. பிள்ளைக்குப் பால் போதும் என்பதை எந்த இரண்டு அடையாளத்தால் அறியலாம்?
3. பம்ப் பண்ணும்போது மற்றக் கை என்ன செய்ய வேண்டும்?
4. பால் கொடுக்கும் இடைவேளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம்?
5. எமது வீட்டில் பால் கொடுக்கும் தாய்க்கு நாளையிலிருந்து யார் என்ன உதவி செய்யலாம்?

வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் தாய்மாருக்கும் இதை வாசித்துக் காட்டும்படி மாணவப் பிள்ளைகளை அன்போடு கேட்டுக்கொள்கிறோம். சந்தேகம் இருந்தால் கிளினிக் நாளில் வந்து கேளுங்கள். பம்பையும் கையோடு கொண்டு வாங்க, பாவிக்கும் விதத்தைக் காட்டித் தருகிறோம்.